ஜெனரேட்டரா, சோலார் பேட்டரியா? வேதாரண்யம் மணலில் ஒரு கணக்கு

திருத்துறைப்பூண்டியில் கிளம்பும் டெமு ரயில் அகஸ்தியம்பள்ளியில் போய் முடிகிறது. மொத்தம் 37 கிலோமீட்டர். பாதி தூரம் வரை ஜன்னலின் இருபுறமும் நெல் வயல்கள். அதன் பிறகு குரவப்புலம், நெய்விளக்கு என்று நிறுத்தங்கள் வர வர மண்ணின் நிறம் வெளுக்கிறது. களிமண் குறைந்து மணல் கூடுகிறது. நெல் இருந்த இடத்தில் தென்னை, மா, முல்லைக் கொல்லைகள் வருகின்றன. தோப்புத்துறை, வேதாரண்யம் தாண்டி ரயில் நிற்கும் கடைசி இடத்தில் உப்பளம். பல ஆண்டுகள் ரயில் இல்லாமல் கிடந்த பாதை இது. அகலப்பாதையாக மாற்றி, 2023 ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த ஊர்களில் சில வேலைகள் தானாக நடக்கும். தென்னையில் காய்ந்த மட்டைகளைக் கழிப்பார்கள். ஓட்டைப் பிரித்து அடுக்குவார்கள். உப்புக் குவியல்களின் மேல் ஓலை போர்த்துவார்கள். 2018-க்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. திண்ணை ஓரத்தில் சாக்குப் போட்டு மூடியிருக்கும் ஜெனரேட்டரை வெளியே இழுத்து, கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார்கள். நாலு இழுப்பில் ஓடினால் நிம்மதி. ஓடாவிட்டால் மெக்கானிக் கடையில் வரிசை.

இப்போது அந்தத் திண்ணைகளில் புதிதாக ஒரு பேச்சும் கேட்கிறது. 'இதைத் தூக்கிப் போட்டுட்டு, சோலார் பேட்டரி பொட்டி ஒண்ணு வாங்கிட்டா என்ன?' பேசுபவர்கள் இரண்டு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கஜா கற்றுக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. நகரங்களுக்கு ஓரளவு சீக்கிரம் மின்சாரம் வந்தாலும், உள்கிராமங்களுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் வாரக்கணக்கில் வரவில்லை.

அந்த நாள்களில் ஊரைக் காப்பாற்றியது ஜெனரேட்டர்தான். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது அது. முகாம்களில் விளக்கெரித்தது அது. கல்யாண வீடுகளுக்கு ஒலி, ஒளி அமைப்பவர்களின் வண்டியில் இருந்த ஜெனரேட்டர் தெருத்தெருவாகப் போனது. ஒரு வீட்டுத் தொட்டியை நிரப்ப இவ்வளவு, ஒரு செல்போனுக்கு சார்ஜ் போட இவ்வளவு என்று கூலி பேசப்பட்டது. சிலர் நியாயமாக வாங்கினார்கள். சிலர் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள்.

சிக்கல் எரிபொருளில் வந்தது. சாய்ந்த மரங்கள் சாலையை அடைத்துக் கிடந்தன. பெட்ரோல் பங்குகளில் கேனோடு கூட்டம். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டிலும் மூன்றாவது நாள் இருட்டு. வேதாரண்யம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்: 'ஜெனரேட்டர் இல்லாம தண்ணி குடிச்சிருக்க முடியாது. பெட்ரோல் இல்லாம ஜெனரேட்டர் வெறும் இரும்பு.'

முல்லைக் கொல்லை வீடு

தேத்தாகுடி பக்கம் ஒரு தம்பதி. முக்கால் ஏக்கரில் முல்லை, வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாமரம், இரண்டு மாடு. விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கி மொட்டுப் பறிப்பவர்கள். வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா. அவருக்குப் பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் இளைப்பு வரும். மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி, மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் கருவியை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். தினம் இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்.

கஜாவின்போது பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத்தான் அந்தக் கருவியை ஓட்டினார்கள். மழைக்கு ஒதுக்கமாக ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். மருந்து உள்ளே போன நேரத்தில் புகையும் உள்ளே போனது. 'மருந்து கொடுக்க ஜெனரேட்டர் போட்டா, அந்தப் புகையிலேயே அத்தைக்கு மறுபடி இழுக்குது. நிறுத்தினா மருந்து இல்ல. அந்த ராத்திரிய மறக்க முடியுமா?' என்பது மருமகளின் நினைவு.

இந்த ஆண்டு சீட்டு எடுத்ததில் கையில் அறுபதாயிரம் ரூபாய் வந்திருக்கிறது. கணவருக்கு 2 கே.வி.ஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்க ஆசை. குட்டையில் இருக்கும் 1 ஹெச்.பி மோட்டாரையும் அதில் ஓட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

'மோட்டாரு ரெண்டு நாள் ஓடலேன்னா முல்லை செத்துடாதுங்க. மழை நாள்ல தண்ணி எதுக்கு? அத்தைக்கு மூச்சு நின்னா என்ன பண்றது?' என்கிறார் அவர்.

'சோலாரு பொட்டி மழை நாள்ல வேலை செய்யுமா? புயல்ல எங்கடி வெயிலு?' என்பது கணவரின் பதில்.

இருவர் கேட்பதும் சரியான கேள்விகள். பதில் கணக்கில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு எத்தனை யூனிட்?

மின் கட்டண அட்டையில் வரும் யூனிட்தான் இங்கேயும் அளவு. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 100 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் அதே 1 யூனிட்தான்.

மின்சாரம் இல்லாத ஒரு நாளில் இந்த வீட்டுக்கு என்னென்ன வேண்டும்? 9 வாட் எல்.இ.டி பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட் ஹவர். மூன்று செல்போன் சார்ஜ்: ஏறக்குறைய 45. நெபுலைசர் 150 வாட் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறைக்கு 112. இதுவரை கூட்டினால் 337 வாட் ஹவர். அதாவது மூன்றில் ஒரு யூனிட்.

மீதி எல்லாம் மின்விசிறி. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 1,200 வாட் ஹவர். இதுவே 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி விசிறி என்றால் 480 போதும். ஆக, பழைய விசிறியோடு மொத்தம் ஒன்றரை யூனிட். புது விசிறியோடு 817 வாட் ஹவர், அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

கடைகளில் தூக்கிச் செல்லும் பெட்டியாக வரும் பேட்டரிகளில் 1 யூனிட் அளவுள்ளது, உள்ளே நடக்கும் இழப்பு போக 850 வாட் ஹவர் அளவுக்குக் கொடுக்கும். புது விசிறி இருந்தால் ஓர் இரவு தாங்கும். பழைய விசிறி என்றால் பாதி ராத்திரியில் கை விரித்துவிடும்.

இதைத் திரும்ப நிரப்ப எத்தனை பேனல் வேண்டும்? தமிழ்நாட்டு வெயிலில் 1,000 வாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 200 வாட் பேனல் இரண்டு வைத்தால் கணக்குப்படி 1.6 யூனிட். வெப்பம், தூசி, சாய்வு, சார்ஜ் ஏறும்போது இழப்பு என்று கழித்தால் 1.2 யூனிட்டாவது கையில் நிற்கும். வீட்டுக்குத் தாராளம்.

கணவர் கேட்ட மேகமூட்டக் கேள்விக்கு வருவோம். கருமேகம் கவிந்த நாளில் பேனல் தருவது நாலில் ஒரு பங்கு, சில நாள்களில் அதற்கும் கீழே. 1.2 யூனிட் வரும் இடத்தில் 0.3 யூனிட் வரும். விசிறியை நிறுத்திவிட்டால், பல்பு, செல்போன், நெபுலைசர் மூன்றுக்கும் வேண்டியது மூன்றில் ஒரு யூனிட்தான் என்று மேலே பார்த்தோம். ஒரு பல்பைக் குறைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். புயல் வருகிறது என்று தெரிந்ததுமே மின்சாரத்தில் முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டால், முதல் இரண்டு நாள் பேனலையே நம்ப வேண்டியதில்லை.

ஆனால், காற்று அடிக்கும்போது பேனலை மாடியில் விட்டுவைத்தால் மிஞ்சாது. கழற்றி, வீட்டுக்குள் சுவரோரமாக நிறுத்த வேண்டும். மடக்கும் பேனல், பிடிப்புத் திருகு கழற்றும் பேனல் ஆகியவற்றுக்கு இந்தக் கடற்கரையில் இருக்கும் பெரிய நன்மை இதுதான்.

ஜெனரேட்டர் கணக்கு

இப்போது பெட்ரோல் ஜெனரேட்டருக்கு இதே கணக்கு. 2 கே.வி.ஏ இயந்திரம் நல்ல சுமையோடு ஓடினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2 யூனிட் தரும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 50 ரூபாய். மின்வாரிய மின்சாரத்தோடு ஒப்பிட முடியாத விலைதான். இருந்தாலும் அவசரத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் நடப்பது வேறு. நாலு பல்பும் இரண்டு விசிறியும் சேர்ந்து 100 வாட் வாங்கும். அதற்காக 1,600 வாட் தரக்கூடிய இயந்திரம் ராத்திரி முழுக்க ஓடுகிறது. சுமை குறைந்தாலும் இன்ஜின் சுற்றத்தான் வேண்டும். மணிக்கு அரை லிட்டர் போகும். எட்டு மணி நேரத்துக்கு 4 லிட்டர், 400 ரூபாய். கிடைத்தது ஒரு யூனிட்கூட இல்லை. ஒரு பையனை அழைத்துப் போக பேருந்தை வாடகைக்கு எடுத்த கதை.

அதே ஜெனரேட்டரை 1 ஹெச்.பி மோட்டாரில் பூட்டினால் நிலைமை தலைகீழ். அந்த மோட்டார் ஓட ஏறக்குறைய 1,000 வாட் வேண்டும். கிளம்பும் நொடியில் அதைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு இழுக்கும். சின்ன பேட்டரிப் பெட்டிகள் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். தாங்கும் பெட்டியாக இருந்தாலும், 1 யூனிட் பேட்டரி ஐம்பது நிமிடத்தில் காலி. ஜெனரேட்டரோ ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இறைத்துவிட்டு நிற்கும். 2 கே.வி.ஏ ஜெனரேட்டர்கூட எல்லா 1 ஹெச்.பி மோட்டாரையும் கிளப்பிவிடாது. மோட்டாரைக் கூட எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் கிடைக்கும் பாடம் எளிது. குறைந்த சுமை, நீண்ட நேரம் என்றால் பேட்டரி. பெரிய சுமை, கொஞ்ச நேரம் என்றால் ஜெனரேட்டர்.

இறால் குளத்தில் பேச்சு வேறு

வேதாரண்யத்துக்கு வடக்கே தலைஞாயிறு பக்கம் போனால் இறால் குளங்கள். தண்ணீரைக் கடைந்து காற்றேற்றும் ஏரேட்டர் சக்கரங்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. இங்கே சோலார் பேட்டரி என்று பேச்சை எடுத்தால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் காரணம் இருக்கிறது.

ஒரு குளத்துக்கு 2 ஹெச்.பி ஏரேட்டர் நான்கு என்றால் 8 ஹெச்.பி. மணிக்கு 6 முதல் 7 யூனிட். ஒரு ராத்திரிக்கு 60, 70 யூனிட். முல்லைக் கொல்லை வீட்டில் பார்த்த பெட்டியில் எழுபது வாங்க வேண்டும். சூரியன் இல்லாத நேரத்தில்தான் இங்கே தேவையும் அதிகம். பகலில் தண்ணீரில் உள்ள பாசி ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். அறுவடைக்குத் தயாரான குளத்தில் அந்த நேரம் சக்கரம் நின்றால், விடிவதற்குள் லட்சக்கணக்கில் முதலீடு மிதந்துவிடும்.

டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 யூனிட் அளவில் தருகிறது. ஓர் இரவுக்கு 20 லிட்டருக்கு மேல் டீசல், சுமார் 2,000 ரூபாய். வலிக்கும் செலவுதான். குளத்தில் இருக்கும் இறாலின் மதிப்போடு பார்த்தால் அது காப்பீடு. இரண்டாவதாக ஒரு சின்ன ஜெனரேட்டரையும் தயாராக வைத்திருப்பவர்கள் உண்டு.

இங்கேயும் சின்ன பேட்டரிக்கு ஓர் இடம் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் அலறும் மணிக்கும், குளக்கரை விளக்குக்கும், காவல் கொட்டகைக்கும் 100 வாட் பேனலும் ஒரு பேட்டரியும் போதும். மணி அடித்தால்தானே காவல்காரர் எழுந்து ஜெனரேட்டரைப் போடுவார்!

உப்பளம் சொல்வது

ரயில் பாதை முடியும் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் நிற்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த மண் இது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த உப்பு உற்பத்தி இங்கேதான்.

உப்பளத்தில் வேலையே சூரியனுடையது. உப்பு நீரை இறைத்துப் பாத்தியில் பாய்ச்ச வேண்டும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். வெயில் அதிகமான நாளில் நீர் சீக்கிரம் ஆவியாகும், அதிகம் இறைக்க வேண்டும். அதே நாளில்தான் பேனலும் அதிகம் தரும். மழை பெய்தால் இறைக்கவே வேண்டாம். இப்படித் தேவையும் வரத்தும் ஒன்றாகப் போகும் இடத்தில் பேட்டரியே வேண்டாம். பேனலிலிருந்து நேராக மோட்டார். குஜராத்தின் கட்ச் சின்ன ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் டீசல் இன்ஜினை விட்டு சோலார் பம்புக்கு மாறியது இந்தக் காரணத்தால்தான். விளைந்த உப்பின் வருமானத்தில் பெரும்பகுதியை டீசலே தின்றுகொண்டிருந்த குடும்பங்கள் அவை.

விவசாயப் பம்புக்கும் இதே நியாயம் பொருந்தும். பாசனத்துக்குப் பேட்டரிப் பெட்டியை நினைக்கவே கூடாது. தண்ணீரைத் தொட்டியிலோ குட்டையிலோ சேமிப்பது பேட்டரியில் மின்சாரம் சேமிப்பதைவிட மலிவு. சோலார் பம்பு வேண்டுபவர்கள் பி.எம் குசும் திட்டத்தின் கீழ் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மானிய விகிதமும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுகின்றன. இலவச மின் இணைப்புக்குப் பதிந்து காத்திருப்பவர்கள், அந்தப் பதிவு என்னவாகும் என்பதை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

கோடியக்கரையில்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே, கோடியக்காடு தாண்டினால் கோடியக்கரை. வெளிமான் சரணாலயம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்கி மீன்பிடிப்பார்கள். கீற்றுக் கொட்டகைக்கு மின் இணைப்பு கிடையாது. விளக்கு, செல்போன், இரவு கடலுக்குப் போகும்போது படகில் வெளிச்சம், திசைகாட்டும் கருவி. எல்லாம் சின்னச் சின்னத் தேவை, ஆனால் தினமும் வரும் தேவை. சீசன் முடிந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். தூக்கிச் செல்லும் பேனலும் பேட்டரியும் இந்த வாழ்க்கைக்கென்றே செய்தது போல இருக்கின்றன.

ஒரு பகை உண்டு: உப்புக் காற்று. ஜெனரேட்டரின் கார்புரேட்டர், சைலன்சர், பேனல் வயரின் முனை, எல்லாவற்றையும் அது அரித்துவிடும். பேனலை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். வயர் முனைகளில் கிரீஸ் அல்லது வாஸலின் தடவ வேண்டும். பேட்டரிப் பெட்டியை மணலில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். கடற்கரையிலிருந்து தூரத்தில் இருப்பவர்களுக்கும் மழைக்காலத்தில் இந்தப் பழக்கம் நல்லது.

ஒத்திகை

தேத்தாகுடி வீட்டில் முடிவு எடுக்கும் முன் மருமகள் ஒரு காரியம் செய்தார். அவருடைய தம்பி திருவிழாக்களில் ஜூஸ் கடை போடுபவர். கடை விளக்குக்காக 1 யூனிட் பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறார். 'தம்பி, ஒரு வாரத்துக்கு அத எனக்குக் கொடுடா' என்று கேட்டு வாங்கி வந்தார். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு வீட்டு மெயினை இறக்கிவிட்டார்கள். புயல் வந்ததாக நினைத்துக்கொண்டு ராத்திரியைக் கழிப்பது என்று முடிவு.

பல்பு எரிந்தது. செல்போன் ஏறியது. ஒன்பது மணிக்கு நெபுலைசர் சத்தமில்லாமல், புகையில்லாமல் ஓடியது. 'இது நல்லாயிருக்கேடா' என்று அம்மா சொன்னதும் மகனுக்குப் பாதி மனம் மாறிவிட்டது. இரண்டு விசிறியையும் போட்டுக்கொண்டு படுத்தார்கள். ஏழு மணிக்கே போட்ட விசிறிகள். நள்ளிரவுக்கு முன்பே பெட்டி அணைந்தது. நாலு மணிக்கு அம்மாவுக்கு இளைப்பு வந்தது. மெயினை ஏற்றித்தான் மருந்து கொடுத்தார்கள்.

அது நிஜப் புயலாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வி மறுநாள் முழுக்க வீட்டில் பேசப்பட்டது. ஒத்திகை இரண்டு குறைகளைக் காட்டிக்கொடுத்தது. விசிறிகள் பழையவை, 75 வாட். அதைவிட முக்கியம், எதை நிறுத்தி எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

இரண்டாவது ஒத்திகைக்கு முன் இரண்டு பி.எல்.டி.சி விசிறி வாங்கினார்கள். பெட்டியில் தெரியும் சதவிகிதம் 30-க்கு வந்தால் விசிறியை நிறுத்திவிட வேண்டும், மிச்சம் முழுக்க அத்தையின் மருந்துக்கு என்று வீட்டுச் சட்டம் போட்டார்கள். அந்த ராத்திரி விடிந்தபோது பெட்டியில் மிச்சம் இருந்தது.

கடைசியில் 1 யூனிட் பெட்டியும் இரண்டு பேனலும் வாங்குவது என்று முடிவானது. ஐம்பதாயிரத்தைத் தாண்டும் செலவு. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். மோட்டாருக்கு? கஜாவுக்குப் பிறகு பக்கத்து வீட்டில் வாங்கிய ஜெனரேட்டர் இன்னும் இருக்கிறது. அதை மூன்று வீடும் சேர்ந்து பழுது பார்ப்பது, பெட்ரோல் அவரவர் ஊற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். பதிலுக்கு, புயல் நாளில் அந்த இரண்டு வீட்டுச் செல்போனுக்கும் இந்தப் பெட்டியில் சார்ஜ்.

'ரெண்டும் வேணும்னுதான் மொதல்லயே சொன்னேன்' என்கிறார் கணவர். அவர் அப்படிச் சொன்னதாக மனைவிக்கு ஞாபகம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இல்லை.

வாங்கும் முன் கவனிக்க

● பேட்டரியில் 'எத்தனை வாட் ஹவர்' என்று கேளுங்கள். '1,000 வாட்' என்று பெட்டியில் எழுதியிருப்பது, அது எவ்வளவு பெரிய கருவியை ஓட்டும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் ஓட்டும் என்பதைச் சொல்லாது. '50,000 எம்.ஏ.ஹெச்' என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள். 185 வாட் ஹவர்தான் வரும்.

● லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கத் தாங்கும். விலை அதிகம். தூக்கிச் செல்லும் தேவை இல்லாதவர்களுக்கு வீட்டு இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரியும் மலிவான வழி. அதன் கொள்ளளவில் பாதியை, அதாவது 900 வாட் ஹவரை மட்டும் பயன்படுத்தினால் நீண்ட நாள் உழைக்கும். அதோடு பேனலையும் சேர்க்கலாம்.

● லித்தியம் பேட்டரியை வெயிலில் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். பேனல் வெயிலில், பெட்டி நிழலில். 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். பயன்படுத்தாத காலத்தில் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

● ஜெனரேட்டரை வீட்டுக்குள், தாழ்வாரத்தில், மாட்டுக் கொட்டகையில் ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மழைக்கு மேலே தகரம் போடுங்கள், சுற்றி அடைக்காதீர்கள்.

● ஜெனரேட்டர் வயரைப் பிளக் பாயின்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுவது பெரும் ஆபத்து. அந்த மின்சாரம் கம்பி வழியாக வெளியே போய், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

● பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கெட்டு கார்புரேட்டரை அடைக்கும். சீசன் முடிந்ததும் வடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பாருங்கள்.

● நெபுலைசர், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் போன்ற உயிர் காக்கும் தேவை வீட்டில் இருந்தால், அதன் கணக்கை முதலில் போடுங்கள். ஃபிரிட்ஜுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 யூனிட் வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

● எதை வாங்கினாலும், மழைக்கு முன் ஒரு ராத்திரி மெயினை இறக்கி ஒத்திகை பாருங்கள். குறை அன்றைக்கே தெரிந்துவிடும். அப்போது சரிசெய்யக் கடையும் திறந்திருக்கும், சாலையும் திறந்திருக்கும்.